படுத்த நிழல்

பதினோராவது சீட்டை ஸ்கேன் அக்கா இரண்டு முறை படித்தாள். வயது அறுபத்தொன்று, நான்கு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல், விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் தொண்ணூற்று ஐந்து, நெஞ்சு ஸ்கேன் எடுக்கவும். நோயாளிச் சீட்டில் பட்டங்களுக்கு இடம் கிடையாது. அதனால் முதல் முறை படித்தபோது அது யாரோ ஒரு மனிதரின் பெயராகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது கையுறைக்குள் விரல்கள் ஈரமாயின.

"என்னக்கா, சீட்டைப் பாத்துட்டு சிலையா நிக்கிற? நம்ம நாப்பது செகண்ட் டாக்டர்தான்" என்றார் ஸ்ட்ரெச்சர் அண்ணன், கதவில் சாய்ந்துகொண்டு. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் போல அவரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார், அவள் அவரை அண்ணன் என்பாள். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு தீராமலே பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

"வீல்சேர்ல உக்காருங்க சார்னா, நான் என்ன கிழவனாங்கறார். நாலு அடி நடந்தார். அஞ்சாவது அடியில அவரே வந்து உக்காந்துட்டார். வைரஸுக்கு என்ன தெரியும், இவரு டாக்டரு, அவரு வாட்ச்மேனுன்னு?"

அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நோயாளியைக் கூட்டிவரப் போனார்.

நாப்பது செகண்ட் என்பது கேலியாக வைத்த பெயர் அல்ல. ஒரு காலத்தில் மரியாதையாகத்தான் வைத்தார்கள். ஒரு நெஞ்சு ஸ்கேனில் முந்நூறு படம் இருக்கும். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல இயந்திரம் கழுத்திலிருந்து வயிற்றுக்கு மேல்வரை மனிதனைத் துண்டு போட்டுக் காட்டும். மற்ற டாக்டர்கள் பத்து நிமிடம் பார்ப்பார்கள், முன்னே போவார்கள், பின்னே வருவார்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். இவர் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை உருட்டுவார். நாற்பது நொடி. அப்புறம் மைக்கில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெரிய நோய் வந்து, ஒரு நாளில் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த மேஜையில் படுத்து எழுந்தபோது, அவர் ஒருவர்தான் மாடியில் உட்கார்ந்து அத்தனையையும் படித்துத் தள்ளினார். அவர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே ஸ்தம்பித்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள். தம்பியின் படத்தை அவர் படிக்கும்வரை.

தம்பி கண்ணாடி வேலைக்காரன். ஜன்னலுக்கு அளவெடுத்து, வெட்டி, மாட்டிக் கொடுப்பான். கைவிரல்களில் எப்போதும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அக்காவின் வேலையை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. "போட்டோக்காரி" என்பான். "பாஸ்போர்ட் சைஸ் எடுப்பியா?" என்பான். காய்ச்சலோடு வந்து மேஜையில் மல்லாந்து படுத்தபோதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, நல்ல போஸா எடு. பொண்டாட்டிகிட்ட காட்டணும், எனக்கும் இதயம் இருக்குன்னு." அவள் அதட்டினாள். மூச்சை இழு என்றாள், பிடி என்றாள். அவன் பிடித்தான். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

நல்ல நுரையீரல் திரையில் கறுப்பாக இருக்கும், காற்று அல்லவா. அவனுடைய நுரையீரலின் மேல்பாகம் அப்படித்தான் இருந்தது. கீழே வர வர, முதுகுப் பக்கம், இரண்டு பக்கமும் ஒரு மங்கல் விழுந்தது. குளியலறை ஜன்னலுக்கு அவன் போடுவானே, வெளிச்சம் வரும் ஆனால் ஆள் தெரியாத கண்ணாடி, அது மாதிரி. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறவனாக, கன்னம் உப்ப, பிடித்துக்கொண்டே கிடந்தான். கடைசியில் வெடித்து இருமி, எழுந்து உட்கார்ந்து, "ஏன்க்கா, என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று சிரித்தான்.

இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித்தந்த சட்டம் ஒன்று உண்டு. பார்க்கலாம், சொல்லக்கூடாது. படம் எடுப்பது அவள் வேலை. அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. நோயாளி கேட்டாலும், நோயாளி கூடப்பிறந்தவனாக இருந்தாலும், வாயைத் திறக்கக்கூடாது. அவள் சட்டத்தை மீறாத தூரம் வரை போனாள். மாடிக்கு போன் செய்தாள்.

"சார், முதுகுப் பக்கம் ரெண்டு சைடும் மங்கலா இருக்கு. குப்புறப் போட்டு ஒரு தடவை எடுக்கட்டுமா?"

மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பகுதி தன் எடையிலேயே கொஞ்சம் அமுங்கும். அங்கே மெல்லிய நிழல் ஒன்று விழும். அது நோய் இல்லை. படுத்த நிழல் என்று அந்த அறையில் சொல்வார்கள். ஆனால் நோயும் பல சமயம் அதே இடத்தில்தான் தொடங்கும், அதே நிறத்தில். சந்தேகம் வந்தால் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து இன்னொருமுறை எடுக்க வேண்டும். படுத்த நிழல் என்றால் கரைந்துவிடும். நோய் என்றால் நகராது. ஒரு நிமிட வேலை.

"படுத்த நிழல்மா அது" என்றது போன். "எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்க? வெளிய முப்பது பேரு நிக்கிறாங்க. நீ பட்டனை அமுக்கு, படிக்கிற வேலை எனக்கு."

அவள் அறையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் படத்தைத் திறந்து மூடி ரிப்போர்ட் வந்தபோது ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நுரையீரலில் குறிப்பிடும்படி ஏதும் இல்லை, பின்புறத்தில் படுத்ததால் வந்த மாற்றம் மட்டும். கீழே சுழித்த கையெழுத்து. படுக்கை கிடைக்காத நாட்கள் அவை. ஸ்கேன் சுத்தம் என்றால் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் தம்பி மனைவி எழுந்து நின்று, "நல்லாத்தானே இருக்கு அண்ணி?" என்று கேட்டாள். அவள், "டாக்டர் பாத்துட்டாரும்மா" என்றாள். ஆறாம் நாள் தம்பி உதடு நீலம் பாரித்துத் திரும்பி வந்தான். ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

ஆறப் போட்டால் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை, உறைந்துபோனது. புகார் கொடுக்க எழுதிய கடிதத்தை மூன்று முறை கிழித்தாள். விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி அவளிடம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அவள் முழு வாக்கியமாக மனதில் ஓடவிட்டதே இல்லை. பாதியில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கடிதத்துக்குப் பதிலாக அவள் தம்பியின் பிலிமை எடுத்து வந்து வேலை அறை அலமாரியில், கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த ஈயக் கவசங்களுக்குப் பின்னால் வைத்தாள். மூலையில் இருந்த பெயரின் மேலும் தேதியின் மேலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டினாள். எதற்கு ஒட்டினாள் என்று அப்போது அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவர் ஓய்வுபெறும் விழாவில் மேடையேறிக் காட்டுவது, அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று எத்தனையோ ராத்திரி எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் அவர் நின்றுகொண்டிருப்பார், அவள் பேசுவாள். அவர் படுத்துக் கிடப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

சக்கர நாற்காலி உள்ளே வந்தது. முகக்கவசத்துக்கு மேல் அவர் கண்கள் சிவந்திருந்தன. முடி முழுக்க நரைத்துவிட்டது. மேஜையைப் பார்த்ததும், சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக வந்தவர்போல ஒரு சங்கடச் சிரிப்பு சிரித்தார்.

"வாங்க சார்" என்றாள்.

"முப்பது வருஷமா இந்தப் படத்தைப் பாக்கறேன், ஒரு தடவைகூட இதுல ஏறிப் படுத்ததில்லம்மா" என்றார். ஒவ்வொரு நான்கு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தார். அவள் அதை எண்ணினாள். "அந்தப் பேசுற குரல் என்னாச்சு? மூச்சை இழுங்கன்னு ஒரு அம்மா பேசுவாளே?"

"ரிப்பேர் சார். மூணு மாசமாச்சு. நான்தான் பேசறேன்."

அவர் மல்லாந்து படுத்தார். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார். மேஜை வளையத்துக்குள் நகர்ந்தது. வளையத்தின் நெற்றியில் இரண்டு சின்ன முகங்கள் வரைந்திருக்கும். மூச்சு விடலாம் என்றால் வாய் திறந்த பச்சை முகம் எரியும். பிடிக்க வேண்டும் என்றால் கன்னம் உப்பிய மஞ்சள் முகம். அவள் கதவைச் சாத்திவிட்டு, அறையைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து மைக் பொத்தானை அழுத்தினாள்.

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

படங்கள் ஏறி வந்தன. மேலே கறுப்பு. கீழே வர வர, முதுகுப் பக்கம், இரு புறமும், அதே கண்ணாடி. அவளுக்கு ஒரு கணம் இயந்திரம் பழைய படத்தைத் தவறாக எடுத்துப் போட்டுவிட்டதோ என்று தோன்றியது. திரையின் மூலையில் பெயரைப் பார்த்தாள். அவர் பெயர்தான்.

"விடலாம்."

அவர் இருமி முடித்து, யாரும் கூப்பிடாமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். நோயாளிகள் வரக்கூடாத பக்கம். ஆனால் அவரை யார் தடுப்பது? அவள் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி அங்கி முதுகில் திறந்துகிடக்க, அவர் உட்கார்ந்து மவுஸின் உருளையைப் பிடித்தார். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை; முப்பத்தெட்டு நொடி.

"படுத்த நிழல்" என்றார். "வேற ஒண்ணும் இல்ல."

அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. பயந்தவன் இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை, யாரும் இல்லை என்று கதவைச் சாத்துகிற அவசரம். அவர் தலையைத் திருப்பாமலே, "அப்படித்தானே?" என்று முணுமுணுத்தார். அவளைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. பார்க்கலாம், சொல்லக்கூடாது. சட்டம் அவள் பக்கம் இருந்தது. மூன்று வருடம் முகம் திருப்பி நின்ற சட்டம், இன்று வந்து அவள் தோளில் கைபோட்டு நின்றது.

"சரி சார்" என்றாள்.

அவர் மேஜைமேல் இருந்த போனை எடுத்து மேல்மாடி டாக்டரைக் கூப்பிட்டார். "நான் பாத்துட்டேன்பா. க்ளியர்தான். அட்மிஷன் எல்லாம் வேண்டாம், வீட்லயே இருந்துக்கறேன்." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இளம் குரல், சரி சார், சரி சார், நீங்க சொன்னா சரி சார் என்றது.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கணவரின் சட்டையை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் எழுந்தார். கணவரை நம்பாதவர்போல அவரைத் தாண்டி அவளிடம் வந்தார்.

"நல்லாத்தானே இருக்கும்மா?"

அதே இடம். பெஞ்சின் அதே முனை. அவளுக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

"டாக்டர் பாத்துட்டாரும்மா."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நாற்காலி நடைபாதையில் லிப்ட்டை நோக்கி உருண்டது. ஒரு சக்கரம் மட்டும் கிறீச் கிறீச் என்றது. அவள் உள்ளே வந்து, மேஜையின் விரிப்பை உருவிக் குப்பையில் போட்டு, மருந்துத் தண்ணீரால் மேஜையைத் துடைத்தாள். ஒரு முறை துடைத்தால் போதும். மூன்று முறை துடைத்தாள். இன்று செவ்வாய். ஆறாம் நாள் என்றால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதவு திறக்கும். உதடு நீலம் பாரித்திருக்கும். அப்போது அவள் எதுவும் செய்திருக்க மாட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. படித்தவர் அவரே, க்ளியர் என்று போனில் சொன்னவரும் அவரே. தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இதைவிடச் சுத்தமான பழி உலகத்தில் உண்டா? எண்ணிப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். முகக்கவசத்துக்குள் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

அங்கேதான் ஒன்று இடித்தது. ஞாயிறு வரும், அடுத்த புதனும் வரும். அவர் போவார், அல்லது பிழைப்பார். எப்படியானாலும் வைரஸைத்தான் திட்டுவார். வயதைத் திட்டுவார். தன் தலையெழுத்து என்பார். கண்ணாடி வேலைக்காரன் ஒருவன் இதே மேஜையில் கிடந்தான் என்பது அவர் காதுக்குப் போகவே போகாது. யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று தெரியாமல் விழுகிற அடி என்ன அடி? கல் தடுக்கி விழுந்த மாதிரிதான். மூன்று வருடம் அவள் வயிற்றில் கட்டிக்கொண்டு சுமந்தது ஒரு கல்லாக இருப்பதற்கு அல்ல. அவருக்குத் தெரிய வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே, கண் படிக்கிறபோதே தெரிய வேண்டும்.

அலமாரியைத் திறந்து ஈயக் கவசங்களை விலக்கினாள். பிலிமை உறையிலிருந்து உருவினாள். ஸ்ட்ரெச்சர் அண்ணனின் செல்லுக்குப் போன் போட்டாள்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"லிப்ட்டு வாசல்ல. நாலு மாடிக்கும் ஒரே லிப்ட்டு, தெய்வம் மாதிரி, கூப்பிட்டா வராது."

"அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க. ஒரு படத்துல சந்தேகம், சார் ஒரு தடவை பாக்கணும்னு சொல்லுங்க."

"உடம்பு சரியில்லாத மனுஷன்கா."

"சொல்லிப் பாருங்க. வருவார்."

வந்தார். அவர் வருவார் என்று அவளுக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவனிடம் ஒரு படத்தில் சந்தேகம் என்றால், சாகக் கிடந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான். நாற்காலியைப் பிலிம் மாட்டிப் பார்க்கும் விளக்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் அண்ணனை வெளியே இருக்கச் சொன்னாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், பலகையில் மாட்டியிருந்த பிலிமைப் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

விளக்கைப் போட்டாள். தம்பி நெஞ்சு இருபது துண்டுகளாக வெளிச்சத்தில் எழுந்தது.

"யாரு இது? பெயர் இல்லையே" என்றார்.

"மறைச்சிருக்கோம் சார். ஆணு, முப்பத்தாறு வயசு. நாலு நாள் காய்ச்சல். ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு."

அவர் மனைவியிடம் இருந்த மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். இந்த முறை அவசரம் இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். மூச்சு வாங்கியது, நிறுத்தினார், மறுபடி பார்த்தார். கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடமும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இந்த விரல் இங்கே நான்கு நிமிடம் நின்றிருந்தால்!

"ரெண்டு பக்கமும் அடிப்பகுதியில இருக்கு" என்றார். "படுத்த நிழல் மாதிரிதான் தெரியும். ஆனா இங்க பாரு, இந்த ஓரம். நிழல்னா முதுகோட ஒட்டியே ஒரே சீரா இருக்கும். இது உள்ள ஏறி வந்திருக்கு. திட்டுத் திட்டா. இது நிமோனியாம்மா. குப்புறப் போட்டு எடுத்த படம் எங்க?"

"எடுக்கல சார்."

"ஏன் எடுக்கல?" குரல் உயர்ந்து இருமலில் உடைந்தது. "நாலு நாள் காய்ச்சல், இந்தப் படம். இதை யாரு படிச்சது? ரிப்போர்ட் என்ன?"

"படுத்த நிழல்னு."

"எந்த மடையன் எழுதினான்?"

அவள் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தாள். மூன்று வருடப் பசை, பிசுபிசுவென்று நூல் நூலாக வந்தது. தேதி தெரிந்தது, பெயர் தெரிந்தது. உறையிலிருந்து அன்றைய ரிப்போர்ட்டின் மடித்த காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் காகிதத்தைப் பிரித்தார். கீழே இருந்த சுழிப்பை வெகுநேரம் பார்த்தார். தன் கையெழுத்தை மனிதன் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் அப்படித்தான் படித்தார்.



"எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் கடைசியில்.

"தெரியும் சார்."

"அன்னிக்கு எத்தனை படம்..."

"தொண்ணூத்தி ரெண்டு. இது அம்பத்தி எட்டாவது. என் தம்பி."

அவர் தலை நிமிர்ந்தது. அப்போதுதான் அவளை முதல்முறையாகப் பார்ப்பவர்போலக் கண்களைச் சுருக்கினார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவ்வளவு முகத்தையும் பார்த்தார். "நீ போன் பண்ணின இல்ல" என்றார் மெதுவாக. "யாரோ ஒரு பொண்ணு கேட்டுச்சு. குப்புறப் போடட்டுமான்னு. அது நீயா?"

"நான்தான்."

"நான் வேண்டாம்னேன்."

"பட்டனை அமுக்குன்னு சொன்னீங்க."

அவர் தலையை ஆட்டினார். காகிதத்தை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்தார். பிறகு, குற்றம் சாட்டும் குரலில் இல்லை, ஒரு படத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற குரலில், "நான் மாடியிலதானே இருந்தேன். நீ குப்புறப் போட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மூன்று வருடம் பாத்திரம் கழுவித் தப்பித்த கேள்வி. ஒரு நிமிட வேலை. கதவு சாத்தியிருந்தது. தம்பி அந்த மேஜையிலேயே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் படுடா என்றால் படுத்திருப்பான், அதற்கும் ஒரு கேலி சொல்லியிருப்பான். வெளியே முப்பது பேர். சட்டம். வேலை. அவள் போனை வைத்தாள், அவனைப் பார்த்து, இறங்கு என்றாள்.

அவர்மேல் இருந்த வெறி அப்போது குறையவில்லை, கூடியது. செத்தவனுக்கு நியாயம் கேட்க வந்த இடத்தில் இந்த மனிதர் தன்னையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைக்கிறாரே என்ற வெறி. அவள் சுவர்ப் பக்கம் போய்க் கணினியில் அவருடைய படத்தைத் திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் பார்த்தார். விளக்குப் பலகையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ஓரம் உள்ளே ஏறி வந்திருந்தது. திட்டுத் திட்டாக.

"குப்புறப் போட்டு எடும்மா" என்றார்.

"சீட்டுல எழுதலையே சார். டாக்டர் எழுதாம நாங்களா எதுவும் எடுக்கறதில்ல."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் கையை நீட்டினார். அவள் பதினோராவது சீட்டையும் பேனாவையும் கொடுத்தாள். நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்து எழுதினார். குப்புறப் படுக்கவைத்து மீண்டும் எடுக்கவும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கையெழுத்துப் போட்டார். இந்தச் சுழிப்பில் பழைய வேகம் இல்லை.

"தேதி" என்றாள்.

தேதியும் போட்டார்.

மேஜையில் ஏற அவள்தான் தாங்கிப் பிடித்தாள். அவர் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் ஒருபுறமாகச் சாய்த்து, கைகளை முன்னால் நீட்டினார். அங்கியின் நாடாக்கள் அவிழ்ந்து இரு பக்கமும் தொங்கின. முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாகத் தெரிந்தது. அவள் விரிப்பை இழுத்து அவர் இடுப்பை மூடினாள். யாருக்கானாலும் செய்வதுதான். கதவைச் சாத்தும்போது நடைபாதையில் பெஞ்சைப் பார்த்தாள். அந்த அம்மாள் மடித்த சட்டையை நெஞ்சோடு பிடித்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் அண்ணன், ஒன்றும் தமாஷ் பேசாமல்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். மேஜை வளையத்துக்குள் நகர்ந்தது. குப்புறப் படுத்திருப்பவருக்கு அந்தச் சின்ன முகங்கள் தெரியாது. எப்போது இழுக்க, எப்போது பிடிக்க, எப்போது விட என்று அறிய அவருக்கு இருந்தது அவள் குரல் ஒன்றுதான்.

"மூச்ச நல்லா இழுங்க சார்."

முதுகு மேலெழுந்தது.

"அப்படியே பிடிங்க."

வளையத்தின் நெற்றியில் மஞ்சள் முகம் எரிந்தது. படங்கள் ஏறி வந்தன. மேலே கறுப்பு. அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். கீழே, இன்னும் கீழே. அந்தக் கண்ணாடி கரையவில்லை. விட்ட இடத்திலேயே, இரண்டு பக்கமும், இருந்தபடியே இருந்தது. நொடிகளைக் காட்டும் எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. மேஜை நின்றது.

அவள் விரல் மைக் பொத்தானின்மேல் இருந்தது; விடலாம் என்று இன்னும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாடா அவிழ்ந்த அங்கிக்குள், அந்த முதுகு எழுந்த உயரத்திலேயே அசையாமல் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற முதுகு. அதற்கு மேலே, கன்னம் உப்பிய சின்ன முகம் இன்னும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.